ஒரு வீசம் எண்ணெய்

மிஷின் நின்றபோது மைனாக்களும் நின்றன.

அன்றைய தினத்தை நினைத்தால் முதலில் கண்ணுக்குள் வருவது அதுதான். செம்பூரில் ஒரு கம்பெனி காலனி. நடுவில் பெரிய புல்வெளி, மூன்று பக்கமும் மூன்று மாடிக் கட்டடங்கள். மழை ஓய்ந்து, வெயில் பழைய பாக்கியையும் சேர்த்துக் காய்கிற அக்டோபர் மாதம். முழங்கால் உயரம் வளர்ந்துவிட்ட புல்லை, காலனித் தோட்டக்காரர் துகாராம் மிஷினால் வெட்டிக்கொண்டு போகிறார். அவர் பின்னாலேயே ஏழெட்டு மைனாக்கள் வெட்டுக்கிளி பொறுக்கியபடி நடக்கின்றன. நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மாற்றுக் கத்திக்கு அரம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

திடீரென்று மிஷினின் குரல் மெலிந்தது. தடதடவென்று போய்க்கொண்டிருந்தது காதருகே வரும் கொசுவைப்போல இழுத்தது. பிறகு ஒரு கிறீச். பிறகு ஒன்றுமில்லை.

மைனாக்கள் தலையைச் சாய்த்து மிஷினைப் பார்த்தன. துகாராம் கைப்பிடியை விட்டுவிட்டு முன்பக்கம் போனார். குனிந்து கயிற்றைச் சுற்றி இழுத்தார். கயிறு வரவில்லை. காலை ஊன்றி மறுபடி இழுத்தார். சுவரில் கட்டியிருந்த கயிற்றை இழுப்பதுபோல இருந்தது.

பக்கத்தில் போனேன். வெட்டிய புல்லின் பச்சை வாசனையை மீறி, அடுப்பில் வெறும் வாணலியை மறந்து வைத்தால் வருமே, அந்தக் காய்ந்த இரும்பு நெடி.

"பிஸ்டன் பகட் லியா," என்றேன். பிஸ்டன் பிடித்துக்கொண்டுவிட்டது.

துகாராம் தலைத் துண்டை அவிழ்த்து மிஷினுக்கு விசிறத் தொடங்கினார், மயங்கி விழுந்த மனிதனுக்கு விசிறுவதுபோல.

பெஞ்சுக்கு அடியில்

இந்தத் தொடரில் போன வாரம் என்னை அம்பர்நாத் ஆலை ஒன்றில், மருந்து நெடி ஏறிய சட்டையோடு விட்டுவிட்டுப் போனீர்கள். அந்த ஆலையிலிருந்து ஏன் கிளம்பினேன் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். காரணம் எதுவும் இல்லை. ஒரே கூரையை அதிக நாள் பார்த்தால் எனக்கு மூச்சு முட்டும். வடாலாவில் கொஞ்ச காலம் மூட்டை தூக்கினேன். தோளில் கட்டி வந்ததும் அதை விட்டேன். தாராவிக்கு வந்து சேர்ந்தபோது கையில் ஒரு போர்வையும் ஒரு ஜோடி செருப்பும் இருந்தன. செருப்பு மறுநாளே திருட்டுப் போயிற்று.

தோல் பதனிடும் சந்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை. அதன் முதலாளி சாகுல் காக்கா. காயல்பட்டினத்துக்காரர். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். மராட்டியில் காகா என்றால் சித்தப்பா. அதனால் தாராவியில் தமிழர், மராட்டியர் இரு தரப்பும் அவரை ஒரே மாதிரிக் கூப்பிட்டார்கள். ஒரு தரப்புக்கு அண்ணன், மறு தரப்புக்குச் சித்தப்பா. அவரும் இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பார்.

"என்னல தெரியும் ஒனக்கு?" என்று கேட்டார்.

"ஒண்ணும் தெரியாது காக்கா."

"அப்பாடா. தெரியும்னு சொல்லிட்டு வர்றவனுவளால எனக்கு அஞ்சாறு சிலிண்டர் போச்சு. உள்ள வா."

இரவில் பெஞ்சுக்கு அடியில் படுப்பேன். மழை வந்தால் பெஞ்சின் மேல். வெளியிலிருந்து தோலும் உப்பும் நாறும். உள்ளே பெட்ரோல். சில நாளில் மூக்குக்கு இரண்டும் பழகிவிட்டது. சோறு கிடைத்தது, வேலை கிடைத்தது. வேறென்ன வேண்டும்.

தனி வயிறு இல்லாதவள்

காக்கா கார் பக்கமே போகமாட்டார். ஸ்கூட்டர், மருந்தடிக்கும் பம்பு, தண்ணீர் இறைக்கும் சின்ன எஞ்சின், இந்தப் புல்வெட்டும் மிஷின் என்று டூ ஸ்ட்ரோக் சாமான் மட்டுமே அவர் கைக்கு வரும். எல்லா எஞ்சினையும் 'அவள்' என்றுதான் பேசுவார்.

"நாலு ஸ்ட்ரோக் இருக்காளே, அவளுக்கு எண்ணெ தனியா வயித்துல கெடக்கும். பெட்ரோல் ஒரு வழி, எண்ணெ ஒரு வழி. இவளுக்குத் தனி வயிறு கெடையாது. பெட்ரோல்ல கலந்துதான் குடுக்கணும். கூட ஊத்துனா இருமுவா. கொறச்சு ஊத்துனா செத்துருவா."

எந்த எண்ணெய் என்பதில் அவருக்குப் பிடிவாதம் உண்டு. செம்பூர் நாக்கா சந்திப்பில் பழைய எண்ணெயை வடிகட்டி மலிவாக விற்பார்கள். பார்வைக்குத் தேன்போல இருக்கும். காக்கா அதில் ஒரு சொட்டெடுத்துப் பழைய பேப்பரில் விடுவார். கொஞ்ச நேரத்தில் சொட்டு பரந்து, ஓரத்தில் கருப்பாக ஒரு வளையம் நிற்கும். "பாரு, குளிச்சிட்டு வந்தவன் கழுத்துல அழுக்கு," என்று டின்னைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். நல்ல எண்ணெயைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து மெல்லப் பிரிப்பார். நூல் வரும். அந்த நூல் எப்போது அறுகிறது என்று வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார். தேவைக்கு மேல் நீண்டாலும் வாங்கமாட்டார். கெட்டி எண்ணெய் பெட்ரோலில் கரையாமல் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம்.

கலப்பதும் அப்படித்தான். பாதிப் பெட்ரோல், பிறகு எண்ணெய், மூடியைத் திருகி நன்றாகக் குலுக்கல், அதன் பிறகுதான் மீதிப் பெட்ரோல். ஒவ்வொரு தடவையும் டாங்கில் ஊற்றும் முன் மறுபடி ஒரு குலுக்கல். அவர் குலுக்கும்போது தோளிலிருந்து இடுப்புவரை ஆடும். பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

மாட்டுங்காவிலிருந்து ஒருவர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். எஞ்சின் எண்ணெய் கிடைக்காத ஒரு நாளில், எண்ணெய் எண்ணெய்தானே என்று வீட்டிலிருந்த கடலை எண்ணெயை ஊற்றி ஓட்டியிருக்கிறார். வழியெல்லாம் வடை சுடுகிற வாசனை வந்ததாம். சிக்னலில் நின்றவர்கள் எல்லாம் கடை எங்கே என்று திரும்பிப் பார்த்தார்களாம். காக்கா பிஸ்டனைக் கழற்றினார். பழுப்பு நிறத்தில் பிசின் ஒட்டியிருந்தது.

"திருநவேலி அல்வா, அடி பிடிச்சது," என்றார். "கொஞ்சம் முந்திரியும் போட்டிருக்கலாமே சார்."

அந்த மனிதருக்குக் கோபம் வரவில்லை. காக்காவிடம் யாருக்கும் கோபம் வராது. அது ஒரு கொடுப்பினை.

வீசம்

கலவைக்குக் காக்காவிடம் ஒரே அளவுதான். வீசம்.

பதினாறில் ஒரு பங்கு வீசம். பதினாறு கிளாஸ் பெட்ரோலுக்கு ஒரு கிளாஸ் எண்ணெய். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் கால், அரைக்கால், வீசம் எல்லாம் அடித்து உள்ளே ஏற்றியிருந்தார்கள், இறங்கவே இல்லை. அணா இருந்த காலத்தில் ரூபாய்க்கு ஓர் அணா என்றாலும் அதே வீசம்தான். அப்புறம் அணா போய் நயா பைசா வந்தது. கேலன் போய் லிட்டர் வந்தது. பெட்ரோல் பங்கில் எல்லோரும் குழம்பிக்கொண்டிருந்த காலம் அது. காக்கா குழம்பவில்லை.

"சர்க்கார் என்னத்தையும் மாத்தட்டும். பிஸ்டனுக்கு என்ன தெரியும்? ஒரு வீசம். ஓடிப் பழகுனவளுக்கு அதுல கொஞ்சம் கொறைக்கலாம். புது பிஸ்டன் போட்டவளுக்குக் கொறைக்கவே கூடாது."

காக்காவின் இந்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் காயல்பட்டினம் பாதி, தாராவி பாதி, மிச்சம் கைச்சாடை. எந்தச் சொல் எந்த ஊரிலிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. யாரும் கேட்டதும் இல்லை. வேலை நடந்துகொண்டிருந்தது.

செம்பூர் காலனியின் புல்வெட்டும் மிஷின், அங்கே குடியிருந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போனது. கூட வந்த புத்தகம் எந்த வீட்டுப் பரணுக்குப் போனதோ. மிஷின் வந்து சேர்ந்த நாளிலிருந்து துகாராம்தான் அதை ஓட்டினார். அதற்கு முன் அரிவாளால் அந்த வெளி முழுவதையும் குந்தியபடி அறுத்தவர் அவர். மிஷின் வந்ததும் முதுகு நிமிர்ந்தது. அவர் வெட்டிய வெளியை மாடியிலிருந்து பார்த்தால் புதுப் பாய் விரித்ததுபோல் இருக்கும். ஒரு பட்டை வெளிர், ஒரு பட்டை கருப்பு. ஒரு கோடுகூட வளையாது. நான் ஓட்டிப் பார்த்தேன். என் கோடு பாம்பு போன தடம் மாதிரி வந்தது.

மழைக்காலத்தில் மிஷினுக்கு வேலை இல்லை. அப்போது காக்கா சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போட்டார். மழை விட்டதும் எடுத்துப்போகத் துகாராம் தாராவிக்கே வந்தார். மிஷினைக் கைவண்டியில் ஏற்றிக் கட்டிய பிறகு காக்கா அவர் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார்.

"தேக்கோ துகாராம். நயா பிஸ்டன். ஏக் வீசம் தேல் டால்னா. கம்மி நை. வீசம். சம்ஜா?"

புது பிஸ்டன், ஒரு வீசம் எண்ணெய் ஊற்று, குறைக்காதே. துகாராம் கவனமாகக் கேட்டார். தலையை ஆட்டினார். காக்கா சொன்ன சொல்லையே தானும் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். காக்காவுக்குப் பரம திருப்தி.

"பாத்தியா? ஒரு தடவ சொன்னா போதும் இவனுக்கு. நீயும் இருக்கியே."

எண்ணெய் எங்கே போயிற்று

இனி அந்த அக்டோபர் நாளுக்கு வருகிறேன். கத்தி தீட்டக் காக்கா அனுப்பித்தான் நான் அன்று செம்பூரில் இருந்தேன்.

மிஷின் நின்றதும் பஸ் பிடித்துத் தாராவிக்குப் போய்க் காக்காவைக் கூட்டிவந்தேன். மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். தோட்டச் சாமான் அறை வாசலில் சாக்கை விரித்துச் சிலிண்டரைத் தூக்கினார். பிஸ்டனின் ஒரு பக்கம் முழுக்க நகத்தால் பிறாண்டியதுபோல் கோடு கோடாக இருந்தது. அவர் முகம் சுருங்கிவிட்டது. அவர் கையால் போட்ட பிஸ்டன்.

"எண்ணெ பத்தல," என்றார்.

அன்று லீவில் இருந்த காலனி செகரெட்டரி வெங்கடேசன் சார் அதற்குள் இறங்கி வந்திருந்தார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்து, செம்பூருக்குக் குடிவந்தவர். மூன்று கட்டடத்துக்கும் தண்ணீர், விளக்கு, தோட்டம் எல்லாம் அவர் பொறுப்பு. ஆபீஸிலிருந்து வந்து, தன் வீட்டு வேலையைப்போல் அதைப் பார்ப்பார். ஓட்டைக் குழாய் ஒன்று சொட்டினால் அவருக்குத் தூக்கம் வராது. நல்ல மனிதர். அவசரக்காரர்.

"எண்ணெய் பத்தலைன்னா? முழு டின் வாங்கிக் குடுத்தேனே!"

"சார், நான் சொன்ன கணக்குக்கு ஊத்தியிருந்தா இப்படி ஆகாது. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்."

காக்கா சொன்னது பிஸ்டனைப் பற்றி. செகரெட்டரி காதில் விழுந்தது வேறு. நாக்காவில் டாக்ஸிக்காரர்கள் எஞ்சின் எண்ணெயைக் கேள்வி கேட்காமல் வாங்குவார்கள் என்பது ஊருக்கே தெரியும். அவர் துகாராம் பக்கம் திரும்பினார்.

"தேல் கிதர் கயா?"

"டாலா, சாப்."

"டாலா தோ ஏ கைஸா ஹுவா? பேச்சா? சோர்!"

ஊற்றியிருந்தால் இது எப்படி ஆகும், விற்றாயா, திருடா. அந்தக் கடைசிச் சொல்லை அவர் கத்தினார். வாட்ச்மேன் திரும்பினான். பெருக்கிக்கொண்டிருந்த பெண்கள் துடைப்பத்தை நிறுத்தினார்கள். மாடிகளில் ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது.

துகாராம் அறைக்குள் போய் எண்ணெய் டின்னைத் தூக்கி வந்தார். பாருங்கள் என்று நீட்டினார். செகரெட்டரி பார்க்கவில்லை. அதில் என்னத்தைக் கலந்து ரொப்பி வைத்திருக்கிறாயோ என்றார். நாளைக் காலையில் வந்து சாமானை எடுத்துக்கொண்டு போய்விடு, இனி இந்தக் கேட்டுக்குள் வராதே என்றார்.

வேலை போவது பெரிய விஷயமில்லை. பம்பாயில் அது தினம் யாருக்காவது போகும். எனக்கே எத்தனை தடவை போயிருக்கிறது. ஆனால் செம்பூரில் காலனிகள் எல்லாம் ஒன்றுக்கொன்று உறவு. ஒரு கேட்டில் திருடன் என்று பெயர் விழுந்த மாலியை, அதாவது தோட்டக்காரனை, அடுத்த கேட்டில் நிற்கவிடமாட்டார்கள். துகாராமுக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். அவர் டின்னைத் தரையில் வைத்தார். ஒரு சொட்டு சிந்தாமல் வைத்தார். பிறகு கேட்டைப் பார்த்து நடந்தார்.

திரும்பும் வழியில் காக்கா, பஸ் சயான் தாண்டியதும் சொன்னார்.

"அவன் கள்ளன் இல்லல."

"அப்போ எண்ணெ எப்படிக் கொறஞ்சுது காக்கா?"

"அதாம்ல எனக்கு வெளங்கல. சரியா ஊத்துனா அந்தப் பிஸ்டன் பிடிச்சிக்கிடாது. நேர்மையானவன் கொறச்சு ஊத்தமாட்டான். ரெண்டும் நெசம். ரெண்டும் எப்படிலே ஒண்ணா நெசமாவும்?"

ஒரே சொல்

மறுநாள் காலை மிஷினை ஏற்றிவரக் கைவண்டியோடு போனோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது துகாராம் தன் சாமானை எடுத்துக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தார். ஒரு துணி மூட்டை, ஒரு தட்டு, கக்கத்தில் ஒரு கருப்புக் குடை. கேட்டருகே செகரெட்டரி வேஷ்டியும் பனியனுமாக நின்றார்.

காக்காவுக்குப் பொறுக்கவில்லை. நேராகத் துகாராம் முன்னால் போய் நின்றார்.

"அரே, மை க்யா போலா தேரேகோ? வீசம் போலா நா?"

"ஹான் காகா. வீஸ் போலா."

"தோ க்யூன் நை டாலா?"

"வீஸ்ச் டாலா!"

"வீசம் டாலா தோ பிஸ்டன் கைஸே பக்டா?"

"முஜே க்யா மாலும்! தும் வீஸ் போலா, மை வீஸ் டாலா!"

"வீசம்!"

"வீஸ்! வீஸ்!"

சொன்னபடி ஏன் ஊற்றவில்லை என்று காக்கா, சொன்னபடியேதான் ஊற்றினேன் என்று துகாராம்; இரண்டு பேரும் மூக்கோடு மூக்கு உரச ஒரே சொல்லை மாறி மாறிக் கத்திக்கொண்டிருந்தார்கள். சண்டை என்றால் ஒருவர் ஆம் என்பார், மற்றவர் இல்லை என்பார். இது ஆமென்று சொல்லிக்கொண்டே போடுகிற சண்டை. துகாராம் தரையில் உட்கார்ந்து, டீக்கடைக் கிளாஸ் ஒன்றை எடுத்துவைத்துக் காட்டினார். அளக்கிற கிளாஸ். யாரும் அதில் டீ குடித்துவிடக் கூடாது என்று கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தார். ஒரு கிளாஸ் எண்ணெய் என்று ஒரு விரலைக் காட்டினார். பிறகு வீஸ் வீஸ் என்று சொல்லிக்கொண்டு இரண்டு கையையும் விரித்து மூடினார், மறுபடி விரித்தார்.

முதல் மாடியிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. கோமதி மாமி, செகரெட்டரியின் மனைவி. துணி உலர்த்த வந்தவர், ஈரப் புடவையைக் கம்பியில் பாதி போட்டபடி விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏன்னா! அந்த ரெண்டு பேரையும் சித்த நிறுத்துங்கோ. அவன் இருபதுன்னா சொல்றான்!"

"என்ன இருபது?"

"மராட்டியிலே வீஸ்னா இருபதுன்னா! தெனம் கொத்தமல்லிக்காரியோட வீஸ் பைசா, வீஸ் பைசான்னு சண்டை போடறேனே, உங்க காதுலேயே விழலையா? இவர் வீசம்கறார். அவன் வீஸ்னு கேட்டுண்டு இருபது கிளாஸுக்கு ஒண்ணு ஊத்தியிருக்கான். பாவம், அந்தப் பிஸ்டன் என்ன பண்ணும்!"

காக்கா அண்ணாந்து பார்த்தபடி நின்றார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

"அப்ப வீசம்?"

"வீசம் தமிழ்னா, பாய்!"

காக்கா என் பக்கம் திரும்பினார். "நெசமாவால?"

"ஆமா காக்கா. தமிழ்தான்."

"நான் இந்தின்னுல்லால நெனச்சிட்டு இருந்தேன், இத்தன வருசமும்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. சாகுல் காக்கா என்ற மனிதரை நான் ஏன் இத்தனை வருடம் கழித்தும் எழுத வேண்டியிருக்கிறது என்றால், அடுத்து அவர் செய்ததற்காகத்தான். எத்தனையோ மெக்கானிக்குகளிடம் வேலை பார்த்திருக்கிறேன். தப்பு நடந்தால் பெட்ரோல் மட்டம் என்பார்கள், வாஷர் மட்டம் என்பார்கள், வெயில் என்பார்கள். காக்கா ஒரு மூச்சுக்கூட எடுக்கவில்லை.

"சார், இவன் எண்ணெயத் தொடல. நான் சொன்னத அவன் கேட்டபடி செஞ்சிருக்கான். மிஷினக் கெடுத்தது என் நாக்கு. கையக் காட்டிச் சொல்லியிருக்கணும், சொல்லல. இவளத் திரும்ப நானே எழுப்பித் தந்திருதேன். அதுக்கப்புறம் வேற மெக்கானிக் வேணும்னா பாத்துக்கிடுங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

துகாராமின் தோளைப் பிடித்து, "கல்த்தி மேரா," என்றார், என் தப்பு என்று. இந்தி இலக்கணம் அவரை எப்போதும் தடுத்ததில்லை.

"அந்த டின்னைத்தான் பாருங்களேன்," என்று மாமி மேலிருந்து சொன்னார். இப்போது அவர் சிரிக்கவில்லை.

செகரெட்டரி போய் டின்னைத் தூக்கிப் பார்த்தார். ஓர் ஈர்க்கை விட்டு ஆழம் பார்த்தார். காக்காவின் கணக்குக்கு மீந்திருக்க வேண்டியதைவிட எண்ணெய் கூடுதலாகவே இருந்தது. விரலில் தொட்டுக் காக்காவிடம் நீட்டினார். காக்கா தேய்த்துப் பிரித்தார். நூல் வந்தது. நல்ல எண்ணெய், அப்படியே இருந்தது.

சோரும் ஜோரும்

செகரெட்டரி டின்னை வைத்துவிட்டு விரலை வேஷ்டியில் துடைத்துக்கொண்டார். துகாராமிடம் போய், பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "டீக் ஹை, டீக் ஹை. காம் பே ஆ ஜாவ்," என்றார். சரி சரி, வேலைக்கு வா.

துகாராம் நகரவில்லை. மூட்டை கையில், குடை கக்கத்தில்.

"சாப்," என்றார். "சோர் போலா தோ ஜோர் ஸே போலா. அபி தீரே போல்தா ஹை."

திருடன் என்றதை உரக்கச் சொன்னீர்கள். இப்போது மெல்லச் சொல்கிறீர்கள். அவ்வளவுதான் அவர் சொன்னது. குரலில் கோபம் இல்லை. அளவு தப்பியிருக்கிறது, சரிசெய்யுங்கள் என்று காட்டுவதுபோல் சொன்னார்.

வாட்ச்மேன் கேட்டுக்கொண்டிருந்தான். பெருக்கும் பெண்களும் அங்கேதான் இருந்தார்கள். செகரெட்டரி தன் வீட்டு ஜன்னலைப் பார்த்தார். மாமி புடவையின் மறு பாதியைக் கம்பியில் போட்டு நீவிக்கொண்டிருந்தார். உதவிக்கு வருகிற முகம் இல்லை. ஆபீஸில் அவருக்குக் கீழே பத்துப் பேர் இருந்திருப்பார்கள். அவர் மாடிக்குப் போயிருக்கலாம். வேறு மாலியை வைத்திருக்கலாம். யாரும் கேட்டிருக்கப் போவதில்லை.

அவர் புல்வெளியின் நடுவுக்கு நடந்தார். பாதி வெட்டியும் பாதி வெட்டாமலும் கிடந்த இடத்தில் நின்று தொண்டையைச் செருமினார்.

"துகாராம் சோர் நாஹி!"

பேப்பர் படிக்கிற குரலில் பழகியவர் கத்தினார். முதல் வார்த்தையிலேயே தொண்டை கட்டிவிட்டது.

"மாஜி சூக்! மாஜி சூக் ஆஹே!"

துகாராம் திருடன் இல்லை, தப்பு என்னுடையது. மராட்டி அவருக்கு வராது. அந்த இரண்டு சொல்லையும் மாமி மேலிருந்து எடுத்துக்கொடுத்தார். அதை அவர் மறைக்கவும் இல்லை. ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு, கீழே திரும்பிக் கத்தினார்.

ஜன்னல்கள் திறந்தன. குழந்தையை இடுப்பில் வைத்த பெண்கள், வாயில் பல்தேய்க்கும் பிரஷ்ஷோடு ஆண்கள். துகாராம் ஒவ்வொரு மாடியாக நிதானமாகப் பார்த்தார், புல் வெட்டி முடித்தபின் விட்டுப்போன இடம் இருக்கிறதா என்று பார்ப்பாரே, அதே பார்வை. எதிர்க் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு ஜன்னல் சாத்தியே இருந்தது. அதை நோக்கி மோவாயை உயர்த்தினார்.

"திஸ்ரா மாளா நை சுனா."

மூன்றாம் மாடி கேட்கவில்லை.

செகரெட்டரி துகாராமைப் பார்த்தார். அப்புறம் அந்த ஜன்னலைப் பார்த்தார். இரண்டு கையையும் வாயருகே குவித்தார். முதல் தடவையைவிடப் பலமாக, கழுத்து நரம்பு புடைக்க, முழுவதையும் மறுபடி கத்தினார்.

ஜன்னல் படாரென்று திறந்தது. பாதி முகத்தில் சோப்பு நுரையும் கையில் சவரக் கத்தியுமாக ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"சுனா பாபா, சுனா! சோர் நாஹி, சோர் நாஹி! அபி தாடி தோ கர்னே தோ!" கேட்டாயிற்றப்பா, இனிச் சவரமாவது செய்ய விடு.

துகாராம் சிரிக்கவில்லை. மூட்டையை எடுத்துக்கொண்டு, கக்கத்துக் குடையோடு, சாமான் அறைக்குள் போனார். உள்ளே ஆணியில் குடையை மாட்டும் சத்தம் கேட்டது.